ஜூன் மாதச் சுவரில் தீபாவளி: படம் மாற்றச் சுலபமான ஒரு பிரேம் உருவான கதை

ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டு முன்கூடத்தில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு நடக்கும். பதினான்கு பிள்ளைகள். ஒரு ஜூன் மாதம் அங்கே போயிருந்தபோது சுவரில் பன்னிரண்டு படங்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாமே ராக்கெட், புஸ்வாணம், சங்கு சக்கரம். தீபாவளி முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

"சனிக்கிழமை தோறும் மாத்தணும்னுதான் இந்த பிரேம்களை வாங்கினேன். மூணு வாரம் மாத்தினேன். அப்புறம் அடுத்த வாரம் பார்த்துக்கலாம், அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு தீபாவளி ஜூனுக்கு வந்துடுச்சுடா" என்றாள்.

புதிய படங்கள் எங்கே என்று கேட்டேன். ஃபிரிட்ஜ் கதவைக் காட்டினாள். அங்கே நான்கைந்து காந்தப் பொம்மைகளுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகப் படங்கள் அடுக்கியிருந்தன. எந்தப் பிரேம் செய்தாலும் இந்த ஃபிரிட்ஜ் கதவோடுதான் போட்டி என்பது அப்போதே தெரிந்துபோயிற்று. அழகில் அல்ல, நேரத்தில். ஃபிரிட்ஜில் ஒரு படத்தை மாற்ற ஐந்து நொடி போதும்.

மரவேலை எனக்குத் தொழில் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பட்டறை, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில்தான். "நீ ஏதாவது செய்து கொடேன்" என்று அக்கா சொன்னதும் தலையாட்டிவிட்டேன். இரண்டு வாரத்து வேலை என்று நினைத்தது ஐந்து மாதம் இழுத்தது.

ஒரு படத்தை மாற்ற எவ்வளவு நேரம்

எதையும் வரைவதற்கு முன் ஒரு பிரேமை அக்காவையே மாற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று செல்போனில் நேரம் பார்த்தேன். ஆணியிலிருந்து பிரேமை எடுத்தாள். எடுக்கும்போது ஆணியும் கொஞ்சம் சுண்ணாம்புமாகக் கையோடு வந்தது, அதை மறுபடி அடித்தாள். மேசையில் துணி விரித்து பிரேமைக் கவிழ்த்தாள். பின்பக்க அட்டையைப் பிடித்திருந்த சின்னத் தகர நாக்குகள் எட்டையும் கரண்டிக் காம்பால் நிமிர்த்தினாள். அட்டையைத் தூக்கி, பழைய படத்தை உரித்து, கண்ணாடியில் விழுந்த கைரேகையைத் துடைத்தாள். புதிய படத்தை வைத்துத் திருப்பிப் பார்த்தால் கோணல். மறுபடி திறந்தாள், சரிசெய்தாள், நாக்குகளை மடக்கினாள், மாட்டினாள், தள்ளி நின்று நிமிர்த்தினாள். 6 நிமிடம் 40 நொடி. பன்னிரண்டு பிரேமுக்கு 80 நிமிடம்.

எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது நேரம்கூட இல்லை, அந்தத் தகர நாக்குகள்தான். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் எந்தத் தகடும் களைத்து ஒடிந்துவிடும். கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பது போலத்தான். பல பிரேம்களில் எட்டுக்கு ஐந்து நாக்குதான் மிச்சம். ஒன்றில் இரண்டே இரண்டு இருந்தன, மீதி வேலையை செல்லோடேப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆக, மாற்றலாம் என்று சொல்லி விற்ற பிரேம், நாலைந்து தடவை மாற்றினாலே உடைந்துபோகும் பிரேம்.

நேரக்கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. திறந்து மூடுவதற்கு ஆன நேரம் பாதிக்கும் குறைவு. சுவரிலிருந்து இறக்குவது, கவிழ்ப்பது, துடைப்பது, மறுபடி ஏற்றி நிமிர்த்துவது, இவைதான் மீதியைத் தின்றன. நான் முதலில் யோசித்ததெல்லாம் பின்பக்கத்துக்கு நல்ல தாழ்ப்பாள் ஒன்று செய்வது பற்றி. எவ்வளவு நல்ல தாழ்ப்பாள் போட்டாலும் சுவரிலிருந்து இறக்கும் வேலை குறையாது. பிரேம் சுவரை விட்டு அசையக் கூடாது, படம் முன்பக்கமாகவே போகவும் வரவும் வேண்டும் என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

பிரேம் கடைப் பெரியவர் சொன்னது

அதற்கப்புறம் ஒரு பிரேம் கடைக்குப் போய் அரை நாள் உட்கார்ந்தேன். சாமி படங்கள், கல்யாண போட்டோக்கள், காலமானவர்களின் படங்கள், இவைதான் அங்கே பெரும்பாலான வேலை. பீடிங் என்ற மரச்சட்டத்தை 45 டிகிரியில் வெட்டி, நான்கு மூலையும் சேர்த்து, உள்ளே காடியில், அதாவது சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில் கண்ணாடி, அதன்மேல் படம், அதன்மேல் ஹார்டுபோர்டு. சுற்றிலும் சின்ன ஆணி. கடைசியில் பின்பக்கம் முழுக்கப் பழுப்புக் காகிதத்தைப் பசை தடவி ஒட்டுகிறார்கள்.

அந்தக் காகிதம் எதற்கு என்று கேட்டேன். "தூசி போகாது, பூச்சி போகாது" என்றார் கடைக்காரப் பெரியவர். ராமபாணப் பூச்சி உள்ளே புகுந்தால் படத்தின் மேல்தோலைச் சுரண்டித் தின்றுவிடும். ஈரம் புகுந்தால் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பழைய போட்டோக் காகிதத்தின் மேல்பூச்சு ஜெலட்டின், ஈரம் பட்டால் இளகிப் பசையாகிவிடும். அப்படி ஒட்டிப்போன தாத்தா படத்தைப் பிரிக்கப் போய் முகத்தையே இழந்த வீடுகள் உண்டு.

நான் என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னதும் பெரியவர் சிரித்தார். "படத்த மாத்தறதுக்கா தம்பி பிரேம் போடறாங்க? இனிமே மாத்த மாட்டோம்னுதான் பிரேம் போடறாங்க."

இந்த வேலை முழுவதிலும் எனக்கு வழிகாட்டியது அந்தப் பேச்சுதான். பிரேம் என்பது மூடுவதற்கென்றே செய்த பொருள். ஐம்பது வருடம் இருக்க வேண்டிய படத்துக்கு அவர் போடும் பூட்டு சரியான பூட்டு. அக்கா வீட்டுச் சுவரில் ஒரு படம் இருக்கப் போவது ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். இரண்டு வாரத்தில் ராமபாணம் எதையும் தின்னாது, வண்ணமும் வெளிறாது. அப்படியென்றால் ஐம்பது வருடப் பூட்டை எதற்குச் சுமக்க வேண்டும்? நீளம், அகலத்துக்கு முன்னால் ஒரு பிரேமுக்கு எடுக்க வேண்டிய அளவு, படம் அதில் எத்தனை நாள் இருக்கும் என்பது. கடையில் வாங்கும் பிரேம்கள் ஐம்பது வருடத்துக்கான கட்டமைப்பில் ஒரு தகர நாக்கைச் சேர்த்து இரண்டு வாரத்துக்கு விற்கின்றன. சிக்கல் அங்கேதான்.

வேறு இடங்களில் எப்படி

மாற்றுவதற்கென்றே செய்த பொருட்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஜப்பானிய வீடுகளில் தொகொனோமா என்ற மாடத்தில் தொங்கும் சுருள் ஓவியத்தைப் பருவத்துக்குப் பருவம் மாற்றுகிறார்கள். நுனி பிளந்த ஒரு கழியால் தொங்கும் கயிற்றைத் தூக்கி ஆணியில் மாட்டுகிறார்கள், கழற்றியதும் சுருட்டிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். கண்ணாடியும் இல்லை, பின்பக்கமும் இல்லை. கழற்றிய படம் எங்கே போகும் என்பதற்கும் அதில் பதில் இருக்கிறது, இதை நான் நோட்டில் தனியாகக் குறித்துக்கொண்டேன். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்காக ராபர்ட் குலிக் என்ற பிரேம் வடிவமைப்பாளர் செய்த அக்ரிலிக் பெட்டி இன்னொரு வழி. ஒரு பக்கம் திறந்த அக்ரிலிக் பெட்டிக்குள் படம், அதன் பின்னால் இறுக்கமாக நுழையும் அட்டைப் பெட்டி. ஆணியே இல்லை. ஆனால் அதையும் சுவரிலிருந்து இறக்கித்தான் ஆக வேண்டும்.

சுவரிலிருந்து இறக்காமல் மாற்றும் பிரேம் நம் ஊரிலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரிகளிலும் ஏடிஎம் அறைகளிலும் விளம்பரத் தாள் மாட்டும் அலுமினிய ஸ்நாப் பிரேம். நான்கு விளிம்புகளும் ஸ்பிரிங் வைத்தவை, ஒவ்வொன்றாக நிமிர்த்தித் தாளை மாற்றி மறுபடி அழுத்தினால் டக்கென்று மூடிக்கொள்ளும். ஒன்று வாங்கிப் பார்த்தேன். வேலை கச்சிதம். ஆனால் மூடும்போது என் கட்டைவிரலையே ஒரு தடவை நறுக்கென்று கடித்தது, பிள்ளை விரலுக்கு இது ஆகாது. அதைவிட, அதற்குள் போட்டதும் குழந்தையின் யானை காப்பீட்டு விளம்பரம் மாதிரி தெரிந்தது. அக்கா ஒரே பார்வையில் வேண்டாம் என்றாள்.

நம் வீடுகளில் வேறொரு பழக்கமும் உண்டு, இதை யாரும் வடிவமைப்பு என்று சொல்வதில்லை. பெரிய குடும்பப் படத்தின் மூலையில், கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவிலிருக்கும் இடுக்கில், வெளிப்பக்கமாக ஒரு பாஸ்போர்ட் போட்டோவைச் செருகி வைத்திருப்பார்கள். வெளிநாடு போன பையனோ, பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பேரனோ. பிரேமுக்குள் போட நேரமில்லாத படத்தை மக்கள் பிரேமின் மேலேயே மாட்டிவிடுகிறார்கள். ஒரு இடுக்கு போதும், படம் நின்றுவிடும். இதையும் குறித்துக்கொண்டேன்.

படங்களை அளந்தது

அக்கா வைத்திருந்த கட்டில் 63 படங்கள் இருந்தன. எல்லாவற்றையும் அளந்தேன். 41 படங்கள் ஏ4, அதாவது 210-க்கு 297 மில்லிமீட்டர். 11 ஏ3. 9 பழைய டிராயிங் நோட்டிலிருந்து கிழித்தவை, ஒவ்வொன்றும் ஓர் அளவு. 2 முழு சார்ட். ஏ4-இல் ஏறக்குறைய பாதி படுக்கைவாட்டம், பாதி நெட்டுவாட்டம். இந்த வாரம் ஐந்து பேர் மயில் வரைந்தால் ஐந்தும் படுக்கை, அடுத்த வாரம் தென்னை மரம் என்றால் ஐந்தும் நெட்டு. கடை பிரேமில் இதற்காகவே ஆணி மாற்றி அடித்த ஓட்டைகள் சுவரில் இருந்தன. பதில் சுலபம்: பிரேம் சதுரமாக இருந்தால் இரண்டு வாட்டமும் அதில் அடங்கும். முழு சார்ட்டை நான் கைவிட்டுவிட்டேன். எல்லாவற்றையும் ஏற்கும் பிரேம் எதையும் ஒழுங்காக ஏற்காது என்பது என் எண்ணம்.

தோற்ற இரண்டு மாதிரிகள்

முதல் மாதிரி மேலே திறந்த பிரேம். பின்னால் பலகை, முன்னால் 2 மி.மீ. அக்ரிலிக், நடுவே 2 மி.மீ. இடைவெளி. தபால்பெட்டியில் கடிதம் போடுவது போல மேலிருந்து படத்தை நுழைக்கலாம். கண்ணாடியை விட்டு அக்ரிலிக்குக்குப் போனதற்குக் காரணம் எடையும் பயமும். ஏ4 அளவுக்கு 2 மி.மீ. கண்ணாடி 300 கிராமுக்கு மேல் வரும், அக்ரிலிக் அதில் பாதிகூட வராது, விழுந்தாலும் சில்லாகத் தெறிக்காது.

காகிதத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று இந்த மாதிரி கற்றுக்கொடுத்தது. தண்ணீர் வண்ணம் தீட்டிய தாள் காய்ந்ததும் அப்பளம் போல நெளியும், அது 2 மி.மீ. இடுக்கில் இறங்காமல் பாதியிலேயே சிக்கிக்கொண்டது. மெல்லிய தாள் இறங்கியதும் கீழே மடிந்து உட்கார்ந்துவிட்டது. துடைத்த அக்ரிலிக்கில் ஏறும் மின்னூட்டம் தாளை இழுத்து ஒட்டிக்கொண்டது, ஆயில் பேஸ்டலைத் தேய்த்து எடுத்தது. மேலே திறந்திருப்பதால் தூசி நேராக உள்ளே. இவற்றையெல்லாம் எப்படியாவது சமாளித்திருப்பேன். ஒரு வாரம் மாட்டி வைத்திருந்தபோது உள்ளே பல்லி முட்டை இருந்தது. நம் வீடுகளில் சுவரில் மாட்டிய எந்தப் பிரேமுக்குப் பின்னாலும் ஒரு பல்லி குடியிருக்கும், நான் அதற்கு மாடியும் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது மாதிரியில் காந்தம். பின்பலகையில் நான்கு, முன்சட்டத்தில் நான்கு, 8 மி.மீ. அகல நியோடிமியம் வில்லைகள். முன்சட்டத்தை இழுத்தால் வரும், கிட்டே கொண்டுபோனால் பிடித்துக்கொள்ளும். பார்ப்பதற்கு மந்திரம் போல இருந்தது. பசை காய்ந்த பிறகுதான் ஒரு மூலையில் வில்லையைத் தலைகீழாகப் புதைத்திருப்பது தெரிந்தது. மூன்று மூலை கட்டிக்கொள்ள, நான்காவது விலகி எழுந்து நின்றது. இரும்பு வாஷர் ஒரு பக்கம், காந்தம் ஒரு பக்கம் என்று போட்டிருந்தால் வடக்கும் தெற்கும் பார்க்கத் தேவையே இருந்திருக்காது. அது பிறகுதான் உறைத்தது.

ஆனால் காந்தத்தைக் கைவிட்டது அதனால் அல்ல. வகுப்புக்கு வரும் பிள்ளைகளோடு மூன்று வயதுத் தம்பி தங்கைகளும் வந்து தரையில் உட்கார்ந்திருக்கும். பசை விட்டு உதிர்ந்த இரண்டு வில்லைகளை ஒரு குழந்தை விழுங்கினால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடியே அவை ஒன்றையொன்று இழுத்து நடுவிலிருக்கும் குடல் சுவரை நசுக்கி ஓட்டை போட்டுவிடும். இதைப் படித்த அன்றைக்கே எட்டு வில்லைகளையும் உளியால் நெம்பி எடுத்து டப்பாவில் போட்டு மூடினேன். பிள்ளைகள் புழங்கும் இடத்தில் நியோடிமியம் வேண்டாம் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன். பசை நன்றாகப் பிடிக்கும் என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை.

பத்தடி தூரத்தில் இருந்த பதில்

ஆகஸ்டில் ஒரு நாள் அக்கா ஷோகேஸ் துடைத்துக்கொண்டிருந்தாள். நகரும் கண்ணாடிக் கதவு வைத்த பழைய ஷோகேஸ். மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் அதே மாதிரி இருக்கும். ஒரு கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து, மேலே தூக்கி, அடிப்பக்கத்தைத் தன்பக்கம் இழுத்து, அப்படியே வெளியே எடுத்தாள். துடைத்தாள். மேல்பக்கத்தை முதலில் நுழைத்து, தூக்கி, அடிப்பக்கத்தைத் தள்ளி, இறக்கினாள். தொப்பென்று உட்கார்ந்தது. பேசிக்கொண்டேதான் செய்தாள், கையைப் பார்க்கவே இல்லை.

நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஷோகேஸ் படச்சுவரிலிருந்து பத்தடி தூரத்தில் இருபது வருடமாக நிற்கிறது.

அதில் இருக்கும் தந்திரம் ஒன்றே ஒன்று. மேல் காடி ஆழமாக இருக்கும், கீழ்க் காடி ஆழம் குறைவாக இருக்கும். தூக்கினால் மேலே இடம் இருக்கிறது, அதனால் கீழ் விளிம்பு வெளியே வந்துவிடும். இறக்கினால் கீழே உட்கார்ந்துவிடும், மேலேயும் கொஞ்சம் காடிக்குள் மிச்சம் இருக்கும். தாழ்ப்பாள் இல்லை, ஸ்பிரிங் இல்லை, காந்தம் இல்லை. அதனதன் எடைதான் பூட்டு. எதுவும் வளைவதில்லை, அதனால் களைத்து ஒடியவும் எதுவும் இல்லை.

அன்றிரவே கணக்குப் போட்டேன். பிரேமின் திறப்பு 330 மி.மீ. கீழ்க் காடி 5 மி.மீ. ஆழம், மேல் காடி 12. கண்ணாடிக்குப் பதிலாகப் படத்தைத் தாங்கி நுழையும் பலகையின் உயரம் 341. முழுக்கத் தூக்கினால் மேல் விளிம்பு 12 மி.மீ. காடிக்குள் போகும், கீழ் விளிம்பு காடியின் முன்சுவரான உதட்டைவிட 1 மி.மீ. மேலே நிற்கும், தாராளமாக உள்ளே தள்ளலாம். இறக்கினால் கீழே 5, மேலே 6 மி.மீ. பிடிமானம். பலகை சாய்ந்து நுழைய வேண்டுமே, காடி எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்றுதான் பயந்தேன். பலகை உயரமாக இருப்பதால் சாய்வு ஒன்றரை டிகிரிதான் வருகிறது, அதற்கு அரை மில்லிமீட்டர் கூடுதல் போதும். 4 மி.மீ. தடிப்புக்கு 5 மி.மீ. காடி வைத்தேன்.

சட்டத்துக்கு ரப்பர் மரம். மரக்கடையில் மில்லிமீட்டர் சொன்னால் ஒரு பார்வை பார்ப்பார்கள், 7 நூல் கனம் என்று சொல்லி வாங்கினேன். எட்டு நூல் ஓர் அங்குலம், ஏழு நூல் 22 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட. அதில் முன் உதடு 5, காடி 5, காடிக்குப் பின்சுவர் 8, கடைசியில் பின்பலகைக்கு 4. மூலைகளை 45 டிகிரியில் வெட்டவில்லை. மேலும் கீழும் முழு நீளச் சட்டம், பக்கச் சட்டங்கள் நடுவில், மூங்கில் ஆணி அடித்துப் பசை. காடியின் வாய் இரண்டு ஓரத்திலும் தெரியும், அதைச் சின்ன மரத்துண்டால் அடைத்தேன். பக்கச் சட்டங்களில் காடி கிடையாது. பலகை முன்பக்கமாகத்தானே வருகிறது.

பிரேமின் பின்பக்கத்தைச் சுவரோடு ஸ்க்ரூ போட்டு இறுக்கி, சுற்றிலும் ஃபோம் டேப் ஒட்டினேன். பல்லிக்கு இடமில்லை.

சிலேட்டு

இப்போது மீதிப் பாதி: அந்தப் பலகையில் படம் எப்படி நிற்கும்? 3 மி.மீ. ஹார்டுபோர்டில் வெட்டிய அந்தப் பலகைக்குப் பிள்ளைகள் முதல் நாளே சிலேட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

ஒட்டுவது என்றால் டேப் படத்தைக் கிழிக்கும். மூலைகளில் எலாஸ்டிக் போட்டால் ஒரே அளவுப் படத்துக்குத்தான் ஆகும். கடைசியில் வந்த வழி இது: தெளிவான ஷீட் ஒன்றைச் சிலேட்டின் மேல் விளிம்பில் மட்டும் ஒட்டி, நோட்டு அட்டை போலத் தூக்கித் திறக்கும்படி விட்டேன். படத்தை அடியில் வைத்து ஷீட்டை மூடி, சிலேட்டைக் காடியில் இறக்கினால் ஷீட்டின் கீழ் விளிம்பும் உதட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். படம் எந்த அளவாக இருந்தாலும், எந்த வாட்டமாக இருந்தாலும் கவலையில்லை.

முதலில் மேசைவிரிப்பாக மீட்டர் கணக்கில் விற்கும் மெத்தென்ற பிவிசி ஷீட்டைப் போட்டேன். பெரிய தப்பு. பிவிசியை மென்மையாக்கக் கலக்கும் எண்ணெய்ப் பொருள் ஜெராக்ஸ் மையையும் கிரேயானையும் இளக்கி இழுத்துக்கொள்ளும். பத்து நாளில் ஒரு பெண்ணின் கிளி பாதி தாளில், பாதி ஷீட்டில். அவள் அழவில்லை, "மாமா, இப்ப ரெண்டு கிளி" என்றாள். எனக்குத்தான் தாங்கவில்லை. அப்புறம் வரைபட வேலைக்கு விற்கும் விறைப்பான பாலியெஸ்டர் ஷீட்டுக்கு மாறினேன். அதில் இந்தத் தொல்லை வரவில்லை. பேஸ்டல், கரி படங்களுக்கு மட்டும் ஷீட்டைப் பின்பக்கம் புரட்டிவிட்டு, தாளின் முதுகில் இரண்டு துண்டுக் காகித டேப்.

வழவழப்பான ஹார்டுபோர்டில் படம் சறுக்கி இறங்கியது. அதற்கு அக்காதான் வழி சொன்னாள்: "காடாத் துணி ஒட்டிப் பாரேன்." ஒட்டினேன். சொரசொரப்பில் தாள் நின்றுவிட்டது. அந்த வெளிறிய துணி நிறம் எல்லாப் படத்துக்கும் பொருந்தும் பின்னணியாகவும் அமைந்தது. படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையைத் தனியாக வெட்டும் வேலை மிச்சம்.

காடிக்குப் பின்சுவர் 8 மி.மீ. என்று சொன்னேன் அல்லவா, அதனால் சிலேட்டுக்கும் பின்பலகைக்கும் நடுவே அதே அளவு வெற்றிடம் வருகிறது, கழற்றிய படத்தை அங்கேயே போட்டுவிடலாம். இருபது இருபத்தைந்து தாள் தாங்கும். ஜப்பானியப் பெட்டியின் வேலையை அந்த இடம் செய்கிறது.

சுவரில் ஏறியபின்

மொத்தம் பத்து சின்னப் பிரேம், ஏ3-க்காக 450 மி.மீ. திறப்பில் இரண்டு பெரிய பிரேம். சின்னவை இரண்டு வரிசையாக ஐந்தைந்து, பக்கத்தில் பெரியவை ஒன்றன்கீழ் ஒன்று. பதினோரு அடிச் சுவரில் பத்தடிக்குள் முடிந்தது. கீழ் வரிசையைத் தரையிலிருந்து இரண்டரை அடியில் தொடங்கினேன். அது பெரியவர்கள் கண்ணுக்குத் தாழ்வு. ஆனால் மாற்றப்போவது பிள்ளைகள். மேல் வரிசைக்குச் சின்னவர்கள் மணை போட்டு ஏறுகிறார்கள். ஒரு பிரேமுக்கு மரம், ஹார்டுபோர்டு, ஷீட், துணி எல்லாம் சேர்த்து 310 ரூபாய் ஆயிற்று. அக்கா முன்னால் வாங்கியது 180. என் கூலியைச் சேர்த்தால் வியாபாரமாகக் கட்டாது.

அக்கா கையில் ஒரு படம் மாற 35 நொடி. பிள்ளைகளுக்கு ஒரு நிமிடம் போல. உண்மையில் அக்கா மாற்றுவதே இல்லை. சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவரவர் போய் அவரவர் சிலேட்டை எடுத்து வந்து மாற்றிவிடுகிறார்கள். ஃபிரிட்ஜ் கதவில் இப்போது கரன்ட் பில்தான் இருக்கிறது.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. பின்னால் இருக்கும் அந்த 8 மி.மீ. இடத்தில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சீட்டு எழுதிப் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பிரேமுக்குப் பின்னால் பாதி தின்ற கடலை மிட்டாய் இருந்தது. எறும்பு வரிசைதான் அதைக் காட்டிக்கொடுத்தது.

ஐப்பசி மழை

தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் அடைமழை பிடித்தது. அக்கா போன் செய்தாள். "மூணு சிலேட்டு வரமாட்டேங்குது. தூக்கினா தூக்கிட்டே நிக்குது, வெளிய வரலை."

போய்ப் பார்த்ததும் புரிந்தது. ஹார்டுபோர்டு ஈரத்தை உறிஞ்சி வளர்ந்திருந்தது. நான் 341-இல் வெட்டிய பலகை 342-ஐத் தாண்டியிருந்தது. விட்டிருந்த இடைவெளியோ ஒரே ஒரு மில்லிமீட்டர். முழுக்கத் தூக்கினாலும் கீழ் விளிம்பு உதட்டைத் தாண்டவில்லை. உள்ளே போனபோது காய்ந்திருந்த பலகை உள்ளேயே ஊதி, தன்னைத்தானே பூட்டிக்கொண்டுவிட்டது. ஆகஸ்ட் வெயிலில் அளவெடுத்து ஸ்ரீரங்கத்து மழைக்குப் பிரேம் செய்திருக்கிறேன்.

பின்பலகையைக் கழற்றலாம் என்றால், அதற்குப் பிரேமையே சுவரிலிருந்து இறக்க வேண்டும். வேறு வழியில்லாமல் மூன்றையும் ஸ்க்ரூ கழற்றி இறக்கினேன். எதைச் செய்யக் கூடாது என்று நோட்டில் அடிக்கோடு போட்டேனோ அதையே. பன்னிரண்டு சிலேட்டுகளையும் மேல் விளிம்பில் 3 மி.மீ. இழைத்தேன், அதற்காக ஷீட்களையும் உரித்து மறுபடி ஒட்ட வேண்டியிருந்தது. காய்ந்த நிலையில் சின்னவற்றின் உயரம் இப்போது 338. கீழே 5, மேலே 3 மி.மீ. பிடிமானம், மின்விசிறிக் காற்றுக்கு இது போதும். வெட்டிய ஓரங்களுக்கெல்லாம் இரண்டு கை வார்னிஷ் அடித்தேன், ஹார்டுபோர்டு தண்ணீர் குடிப்பது பெரும்பாலும் ஓரம் வழியாகத்தான். அடுத்த தடவை செய்தால் சிலேட்டைக் குறைக்க மாட்டேன், மேல் காடியை 16 மி.மீ. ஆழத்துக்கு எடுப்பேன், பிடிமானம் குறையாமல் இடைவெளி மட்டும் கூடும்.

இறக்கிய மூன்று பிரேம்களைத் திரும்ப மாட்டும்போது ஒன்றின் பின்னால் மடித்து வைத்த ஏ4 தாள் ஒன்று விழுந்தது. சங்கு சக்கரம், புஸ்வாணம். எந்தத் தீபாவளிக்கு வரைந்தது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எடுத்து மேசையில் போட்டாள்.